இன்செய்ன் வீட்டு இரும்பு வேலி: 42 அடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

ரங்கூனுக்கு வடக்கே இன்செய்னில், ரயில்வே பட்டறைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. தாத்தா அந்தப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1950களில் அவர் வீட்டை வாங்கியபோதே முன்பக்க இரும்பு வேலி பழசாகத்தான் நின்றது என்று அப்பா சொல்வார். மொத்தம் 42 அடி, ஏழடிக்கு ஒன்றாக 6 பேனல், ஆறங்குல இடைவெளியில் 84 கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் தலையிலும் வேல்முனை மாதிரி ஒரு வார்ப்பு. கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முனையைப் பாட்டி நிஜமாகவே வேலாகத்தான் நினைத்தார், கார்த்திகைக்குக் கார்த்திகை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்த வேலியை நாங்கள் இரண்டு முறை பழுது பார்த்தோம். முதல் முறை பணம் வீணாயிற்று. இரண்டாவது முறை செய்த வேலை ஏன் நிலைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை, மழை இன்னும் முழுசாக விடாத செப்டம்பர் கடைசியில், தெரிந்தவர் மூலம் ஒரு பெயின்டரைக் கூப்பிட்டோம். மேலாகக் கம்பி பிரஷ் போட்டு, ஒரு கோட்டு ரெட் ஆக்சைடு, அதன்மேல் ஒரு கோட்டு கறுப்பு எனாமல், இரண்டே நாளில் வேலை முடிந்தது. தீபாவளிக்கு வேலி பளபளவென்று இருந்தது, தெருவே பார்த்துப் பேசியது. அடுத்த மே மாதம் மழை பிடித்தது. ரங்கூனில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை பெய்வது 2,500 மில்லிமீட்டருக்கும் மேல், அது தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே பார்த்தால் கீழ்ச்சட்டம் நெடுகக் கொப்புளம். ஒன்றை நகத்தால் அழுத்தினேன். தோல் மாதிரி பெயின்ட் விலகி, உள்ளேயிருந்து டீத் தண்ணீர் நிறத்தில் ஈரம் கசிந்து விரலில் வழிந்தது. கொப்புளத்துக்கு அடியில் இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது.

பெயின்ட் மட்டம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மாமா (அப்பாவின் சிநேகிதர், எழுபது வயது தாண்டியும் உலைக்கு முன்னால் நிற்பவர்) வந்து பார்த்துவிட்டு வேறு ஒன்று சொன்னார். "தம்பி, பெயின்ட் கடைக்கு இப்பப் போகாதே. மழை விட்டதும் ஒரு குடையோடு வேலிகிட்ட நில்லு. எங்கே தண்ணி நிக்குதுன்னு பாரு. அதுதான் உன் வேலை, பெயின்ட் அப்புறம்."

அந்த ஜூலையில் அதைத்தான் செய்தேன். மழை நின்று இரண்டு மணி நேரம் ஆன பிறகும் எந்த இடம் காயாமல் இருக்கிறதோ, அங்கெல்லாம் பழைய லுங்கியைக் கிழித்து ஒரு துண்டு கட்டினேன். சாக்பீஸ் குறி மழையில் போய்விடும், துணி போகாது. நாலைந்து மழைக்குப் பிறகு எண்ணிப் பார்த்தால் 31 கட்டு. அதில் 20 கட்டு கீழ்ச்சட்டத்தில், கம்பி துளைக்குள் இறங்கும் இடங்களில். 5 கட்டு வேலியைப் பின்னாலிருந்து தாங்கும் முட்டுக்கம்பிகளின் அடியில். மிச்சம் 6 கட்டு வேல்முனைகளின் கழுத்தில். சட்டத்தின் நடுப்பகுதி, கம்பிகளின் நெடிய உடம்பு எல்லாம் பெயின்ட் போய்க் கிடந்தாலும் பெரிதாக அரிக்கவில்லை. அரிப்பு முழுக்கத் துணி கட்டிய இடத்தில்தான். இந்த 31 துணித்துண்டுதான் எங்கள் திட்டம், செலவுக் கணக்கு எல்லாமே. இதைச் செய்யாமல் வேலைக்கு இறங்குகிறவர்கள் பெயின்ட்டைத்தான் மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதற்கும் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. தெருவை ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைப் பெயர்க்காமல் மேலேயே போட்டிருக்கிறார்கள். வேலி நிற்கும் செங்கல் கட்டைக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் நடுவே முதலில் இரண்டு அங்குலம் இடைவெளி இருந்திருக்க வேண்டும், அதில் இப்போது மண்ணும் இலைச்சருகும் அடைத்து, சட்டம் வருஷத்தில் ஆறு மாதம் ஈரச்சாக்கில் சுற்றி வைத்தது மாதிரி இருந்தது. முட்டுக்கம்பிகளின் கதை வேறு. பழைய முறையில் கல்லில் குழி வெட்டி, கம்பியை நிறுத்தி, ஈயத்தை உருக்கி ஊற்றிவிடுவார்கள். யாரோ எப்போதோ அந்த ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் காய்ந்து, கம்பியை விட்டு மயிரிழை விலகி, அந்த இழைக்குள் தண்ணீர் இறங்கி, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கல்லையே பிளந்து வைத்திருந்தது. ஐந்தில் மூன்று கல்லில் வெடிப்பு.

அடுத்தது, இது என்ன இரும்பு என்ற கேள்வி. எல்லாம் ஒரே இரும்பு என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. ஆடிக்கொண்டிருந்த ஒரு வேல்முனையைக் கழற்ற அடியில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன், அது பீங்கான் மாதிரி இரண்டாகப் போயிற்று. பக்கத்து வெல்டிங் கடை ஒன்றில் கொடுத்தேன், சாதாரண ராடு வைத்து ஒட்டினார்கள். வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை, ஆறிக்கொண்டிருக்கும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

மாமா அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கிரைண்டரை எடுத்து எனக்குப் பொறி காட்டினார். வேல்முனையை வைத்தபோது பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில், சக்கரத்துக்குக் கிட்டத்திலேயே அணைந்தது. அது வார்ப்பிரும்பு, கரி நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை இருக்கும், அமுக்கினால் தாங்கும், தட்டினால் உடையும். வேலிக்கம்பியை வைத்தபோது பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், கிளை அதிகம் விடாமல் போயிற்று. அது தேனிரும்பு, அதாவது கரி மிகக் குறைவாக உள்ள, அடித்து உருவாக்கும் பழைய காலத்து இரும்பு. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மைல்ட் ஸ்டீலை வைத்தால் பொறி இன்னும் வெளுத்து, தேனிரும்பைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கிளை விடுகிறது. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

அதோடு விடவில்லை. அரித்துப்போன கம்பி ஒன்றைப் பாதி ஆழம் அறுத்து, வைஸில் பிடித்து வளைத்துக் காட்டினார். நான் எதிர்பார்த்தது மாதிரி அது படக்கென்று ஒடியவில்லை. கரும்பைக் கடித்து இழுத்தால் சக்கை எப்படி வருமோ அப்படி நார் நாராகக் கிழிந்து நீண்டது. தேனிரும்பை அடித்தும் உருட்டியும் நீட்டும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கசடு இழை இழையாகப் படிவதால் வருவது அந்த நார். தட்டும்போது உடையாமல் வளைந்து கொடுப்பதற்கு முக்கியக் காரணம் அதில் கரி மிகக் குறைவாக இருப்பது. 1900 வாக்கிலேயே மைல்ட் ஸ்டீல் இதன் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது, தேனிரும்பைப் புதிதாக உருக்கிச் செய்யும் தொழில் பிரிட்டனிலேயே 1970களில் நின்றுபோயிற்று. அப்படியென்றால் எங்கள் வேலிக்கு நூறு வயதுக்குக் குறையாது என்று மாமா கணக்குப் போட்டார். இனிமேல் இந்த இரும்பு புதிதாகக் கிடைக்காது, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மழை நின்றதும் நவம்பரில் வேலையைத் தொடங்கினோம். முதலில் பழைய பெயின்ட். ஒரு கம்பியின் நடுவில் நாலணா அளவுக்கு உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன், குழி மாதிரி சரிவாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். வெளியே எங்கள் புதுக் கறுப்பு, அதற்கடுத்து ரெட் ஆக்சைடு, அப்புறம் வெள்ளி நிற அலுமினிய பெயின்ட், பழுப்பு, கரும்பச்சை இரண்டு வளையம், கடைசியில் இரும்பை ஒட்டிப் பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்பு. அந்தச் சிவப்பு ஈயச்செந்தூரம். அந்தக் காலத்தில் இரும்புக்கு முதல் பூச்சு பெரும்பாலும் அதுதான்.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இவ்வளவு பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு ஒன்று கிடையாது, உலகச் சுகாதார நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. எங்கள் வீட்டில் அண்ணன் மகளுக்கு நாலு வயது, அண்ணியையும் அவளையும் மூன்று வாரம் தாம்வேயில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பெயின்ட்டில் கை வைத்தோம். கிரைண்டரை பெயின்ட் மேல் வைக்கவே இல்லை, அது ஈயத்தைத் தூளாக்கித் தெரு முழுக்கப் பரப்பும். நெருப்பு காட்டவும் இல்லை, சூடு அதிகமானால் ஈயம் புகையாக மூக்கில் ஏறும். தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினோம், கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, விழுந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்தோம். துணி மாஸ்க் இதற்குப் போதாது, தூசு வடிகட்டி மாட்டும் ரப்பர் மாஸ்க் வேண்டும். வேலை உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். மதியம் சாப்பிடப் போகும்போது கையோடு முகத்தையும் கழுவாமல் யாரும் தட்டைத் தொடக் கூடாது என்று அம்மா வாசலிலேயே நின்றார்.

கழன்று வந்த 11 வேல்முனைகளைச் சுரண்டி மாளாது, அவற்றின் இலைக்கோடுகளுக்குள் பிரஷ் போகாது. மாமா புளி போட்டு ஊற வைக்கலாமா என்று கேட்டார். ஒன்றில் செய்து பார்த்தேன், பித்தளைக் குத்துவிளக்குக்கு வேலை செய்யும் புளிப்பு இதற்கும் வேலை செய்தது, ஆனால் ஐந்து நாள் ஆயிற்று, முழுசாகவும் போகவில்லை. மீதியை மின்சாரத்தில் விட்டோம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, சுற்றிலும் உதவாத இரும்புத் தகடு, நடுவே தொங்கும் வேல்முனை. 12 வோல்ட்டின் நெகட்டிவ் முனை வேலுக்கு, பாசிட்டிவ் தகட்டுக்கு. இங்கே கரன்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது, அதனால் வீட்டு சோலார் பேட்டரியிலிருந்தே எடுத்தோம். ஒரு ராத்திரியில் துரு கறுப்புச் சேறாகக் கழன்றது, நரம்பு நரம்பாக இலை வடிவம் வெளியே வந்தது. இரண்டு எச்சரிக்கை: ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. தகட்டுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி, தட்டு எதையும் போடாதீர்கள், அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். தொட்டியிலிருந்து எடுத்த வேல்முனையைக் கழுவி, பிரஷ் போட்டு, வெயிலில் சூடேற்றிய கையோடு முதல் பூச்சு அடித்துவிட வேண்டும். ஒன்றை மத்தியானம் வரை மறந்து வைத்தேன், அதற்குள் மேலே மஞ்சள் பொடி தூவியது மாதிரி புதுத் துரு.

அரித்துப்போன கம்பிகள் 9. முக்கால் அங்குலச் சதுரக் கம்பி அடியில் பென்சில் கனத்துக்கு வந்திருந்தது. ஒன்பதையும் முழுசாக மாற்றிவிடலாம், சீக்கிரம் முடியும் என்று அண்ணன் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. கெட்ட அடிப்பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, மாமா பழைய இரும்புக் கடையில் பொறுக்கிவந்த தேனிரும்பில் துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து வெல்டிங் செய்து ராவிவிட்டார். இரண்டு கம்பிக்குத் தேனிரும்பு போதவில்லை, அவற்றுக்கு மைல்ட் ஸ்டீல்தான். எந்தக் கம்பி என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பின்னால் யாராவது வேலை பார்க்கும்போது தெரிய வேண்டும்.

உடைந்த வேல்முனையை ஒட்டுவதற்கு வெல்டிங்கே வேண்டாம் என்றார் மாமா. வார்ப்பைச் சூடேற்றி, நிக்கல் ராடு வைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆற வைத்தால் ஒட்டும்தான், ஆனால் இதற்கு அது தேவையில்லை. இரண்டு துண்டிலும் துளை போட்டு, நடுவே மரையுள்ள சிறு கம்பியை இறக்கி, எபாக்சி பசை பூசி இறுக்கினார். காணாமல் போன 5 முனைகளை மட்டும் இயந்திர பாகம் வார்க்கும் ஒரு சின்ன வார்ப்படக் கூடத்தில் செய்தோம். அசலையே மணலில் பதித்து வார்த்தால் ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், ஏழங்குல வேலுக்கு அது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். தனியாகப் பார்த்தால் தெரியாது, வரிசையில் நின்றால் தெரியும். அதனால் மாமா ஒரு முனைக்கு மேல் மெல்லிசாக பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, சுருக்கத்துக்கு ஏற்பப் பருமனாக்கியே அச்சுக்குக் கொடுத்தார்.

துரு முழுசாகப் போகாத மூலைகளுக்குத் துருமாற்றி திரவம் தடவினோம். டானின் (கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள்) உள்ள அந்தத் திரவம் பழுப்புத் துருவில் பட்டதும் நீலங்கறுப்பாக மாறும். நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அங்கே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது, டானினும் இரும்பும் சேர்ந்து கறுக்கின்றன. ஆனால் இது கெட்டியாக ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு மட்டும்தான். ஏடாகப் பிரியும் துருவின் மேல் தடவினால் வீண்.

சரி, இனி தண்ணீர். கட்டையின் மேலிருந்த மண்ணை நாலங்குல ஆழம் தோண்டி எடுத்து, கட்டையின் தலையைத் தெருப்பக்கம் சாய்வாகப் பூசினோம், கீழ்ச்சட்டத்துக்கு அடியில் இப்போது கை விரல் நுழையும். முட்டுக்கம்பியைச் சுற்றியிருந்த சிமென்ட்டை உளியால் எடுத்து, இரும்பைச் சுத்தம் செய்து பூச்சு அடித்து, திரும்ப நிறுத்தி, மேலே சின்னக் குன்று மாதிரி வழிந்தோடும் சரிவு வைத்து, இரும்பும் சிமென்ட்டும் சேரும் கோட்டில் பாலியூரிதேன் சீலன்ட் (ரப்பர் மாதிரி இறுகும் அடைப்புப் பசை) ஓட்டினோம். கம்பி சட்டத்துக்குள் இறங்கும் துளைகளில் முதலில் நீர்த்த பிரைமரை (துரு தடுக்கும் முதல் பூச்சை) ஊட்டி, காய்ந்தபின் மேல்பக்கமும் பக்கவாட்டும் மட்டும் சீலன்ட் வைத்தோம். அடிப்பக்கத்தை அடைக்கவே கூடாது, எப்படியாவது உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியே வர ஒரு வழி இருக்க வேண்டும்.

பெயின்ட் அடித்தது டிசம்பரில். அந்த மாதத்தில் காலைப் பனி இரும்பில் முத்து முத்தாக நிற்கும், அதனால் பத்து மணிக்கு முன்னால் டப்பாவைத் திறக்கவில்லை, சாயங்காலம் மறுபடி ஈரம் இறங்கும் என்பதால் மூன்று மணிக்கு மேல் பிரஷ் பிடிக்கவில்லை. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் கம்பிகளின் விளிம்புகளுக்கும் மூட்டுகளுக்கும் மட்டும் சின்ன பிரஷ்ஷில் தனியாக ஒரு கோட்டு, ஏனென்றால் பெயின்ட் காயும்போது கூர்மையான விளிம்பிலிருந்து விலகி மெலிந்துவிடும், துரு முதலில் தொடங்குவதும் அங்கேதான். அதற்கு மேல் அல்கிட் எனாமல் (எண்ணெய் சார்ந்த பெயின்ட்) இரண்டு கோட்டு. எபாக்சி பெயின்ட் இன்னும் உறுதி என்று கடையில் சொன்னார்கள், ஆனால் வெயிலில் அது வெளுத்து மாவாக உதிரும், மேலே வேறு பூச்சு வேண்டும், அங்கங்கே தொட்டுத் திருத்துவதும் கஷ்டம். எங்களுக்குத் தேவை வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பிரஷ்ஷோடு போய்ச் சரிசெய்யக்கூடிய பூச்சு. நிறத்துக்கு அண்ணன் கறுப்பும் தங்கமுனையும் கேட்டான், நான் அந்த வளையங்களில் பார்த்த கரும்பச்சையைக் கேட்டேன். அம்மா பச்சை என்றார்.

எல்லாம் சேர்த்து ஏழு வாரம். அதில் பெயின்ட் அடித்த நாட்கள் ஒன்பதுதான்.

அதன்பின் ஒரு முழு மழைக்காலம் போய்விட்டது. போன ஜூலையில் மறுபடி குடையோடு நின்று, மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் துணி கட்டினேன். 31 கட்டு இருந்த இடத்தில் 3 கட்டு. மூன்றும் நாலாவது பேனலின் கீழ்ச்சட்டத்தில், சீலன்ட் சுருங்கி வாய் திறந்த துளைகள், அவற்றிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கொப்புளம் எங்கேயும் இல்லை. நவம்பரில் அந்த மூன்றையும் சுரண்டி, பிரைமர் வைத்து, சீலன்ட்டை மாற்றினேன், ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அன்றைக்கே வேலி முழுவதையும் வெறும் தண்ணீரில் கழுவி, கட்டையில் சேர்ந்த சருகை வாரினோம். பிரைமர் டப்பாவில் இன்னும் கால்வாசி இருக்கிறது, மூடியை இறுக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கேட்டுப்பக்கத்து வேலுக்கு இந்தக் கார்த்திகையில் அம்மா சந்தனம் வைத்தார், மறுநாள் நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.